கெண்டியும் கமராவும்

முற்றத்தில், மதிலோரம், ஒரு நீள மர வாங்கின் மேல் நான் நிற்கிறேன். வயிற்றோடு அணைத்தபடி ஒரு கறுப்புப் பெட்டி. தலையில் புதுத் துருக்கித் தொப்பி. பெட்டியைப் பார்க்கக் குனிந்தால் தொப்பியின் குஞ்சம் முன்னால் விழுந்து கண்ணை மறைக்கிறது. நிமிர்ந்தால் கூரையின் நிழல் தெரிகிறது.

அந்த நிழல்தான் அன்றைக்கு என் எதிரி.

பகல் தொழுகை முடிந்து நான் வாங்கில் ஏறியபோது அது வாசற்படியில் ஒழுங்காகப் படுத்திருந்தது. பிறகு மெல்ல எழுந்து, முற்றத்துக் கறிவேப்பிலை மரத்தை விழுங்கிவிட்டு, வெளி கேட்டை நோக்கி ஊர ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஊர்வலமும் அந்தக் கேட்டுக்குத்தான் வரவேண்டும். யார் முந்துகிறார்கள் என்பதில் என் மானம் தொங்கிக்கொண்டிருந்தது. நிழல் முந்தினால் படம் இல்லை. படம் இல்லையென்றால் தாத்தாவின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

வெளியூர் வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்போம். சில வாரங்களுக்கு முன் ‘என் தாத்தா வளையல் உடைந்ததற்காக அழுதாள்’ என்று இந்தப் பக்கத்தில் எழுதப் போய், தூரத்து வாசகர் ஒருவர் மிகுந்த கவலையோடு விசாரித்திருந்தார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: என் தாத்தா ஜெமீலா, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அன்று கல்யாணம் அவளுக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதிரை வாங்கப் போனவன்

கமரா என் கைக்கு வந்ததே ஒரு விபத்து.

கலஹாப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார். வாப்பாவுக்குக் கண்டியில் புடவைக் கடை. கல்லாவில் உட்கார ஒரு நல்ல சாய்மானக் கதிரை வேண்டும் என்று என்னை அனுப்பினார். கதிரைகள் ஏலம் கூறப்பட்ட நேரத்தில் நான் துரை வீட்டுப் பூந்தோட்டத்தில் ஒரு நாயிடமிருந்து தப்பிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது மேசையில் மிஞ்சியிருந்தது ஒரு பூச்சாடியும் இந்தப் பெட்டியும்தான். பூச்சாடியில் விரிசல்.

வாப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல எப்பிடி மகன் குந்துற?”

“இது படம் புடிக்கிற பெட்டி வாப்பா.”

“அது வெளங்குது. நான் குந்துறதுக்கு என்ன வழிண்டு கேக்குற.”

அதற்குப் பிறகு பல வருஷம், கடையில் முதுகு வலித்த போதெல்லாம் அவர் என்னை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

பெட்டியை இடுப்புக்கு நேரே பிடித்து, மேலேயிருக்கும் சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடிக்குள் உலகம் பெருவிரல் நகத்தளவு சுருங்கிக் கிடக்கும். அதோடு இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். வலப்பக்கம் ஓடுகிற ஆட்டைப் பிடிக்க நான் பெட்டியை இடப்பக்கம் திருப்புவேன். ஆடு மறைந்துவிடும். நான் சுற்றிச் சுற்றி வருவேன். இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டு ஆட்டுக்கு என்னைக் கண்டால் மரியாதை போய்விட்டது.

மூச்சைப் பிடித்தவள்

தாத்தாவுக்கு மட்டும் அது ஒரே நாளில் பிடிபட்டது.

“கண்ணாடி பாத்துத் தல சீவுற பொம்புளைக்கி இது என்ன பெரிய வித்தையா?” என்றாள்.

பின்கட்டில், துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில், பிலிம் இல்லாத பெட்டியை வைத்துக்கொண்டு இருவரும் பழகினோம். பிலிம் போட்டால் எட்டுப் படம்தான். அதனால் வெறும் பெட்டி. விசையை அமத்தும்போது எனக்குக் கை, தோள், தாடை எல்லாம் சேர்ந்து ஆடும். அவள் பெட்டியை ஒரு மேடையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, விரலை மட்டும் அசைப்பாள். ‘டிக்’ என்று கேட்கும். அப்புறம்தான் மூச்சு விடுவாள்.

“தம்பி, ஒனக்கி மூச்சே இல்லாட்டித்தான் படம் நல்லா வரும்” என்பாள்.

கல்யாணம் நிச்சயமாகி, வெள்ளையடிப்பு, பலகாரம், பந்தல் என்று வீடு அமளிப்பட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நாள் என்னைக் கொடியடிக்குக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை மடவளைக்காரர், ஹனீபா. அங்கே கடை வைத்திருந்தார். அவள் அவரைப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் அது ஒரு புதினமும் இல்லை.

“வாப்பாட்டக் கேட்டன், ஆளு எப்பிடிண்டு” என்றாள். “நல்ல மனுசனாம். அஞ்சு நேரமும் தொழுவாராம். மூஞ்சி எப்பிடிண்டு கேட்டா, ‘மூஞ்சி இரிக்கி’ண்டு சொல்றாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

“மாப்புள வாசலுக்கு வரக்குள்ள ஊரே பாக்கும். அடுப்படியில வெங்காயம் உரிக்கிறவளும் ஜன்னலால எட்டிப் பாப்பா. நான் மட்டும் சுவரப் பாத்துக்கொண்டு குந்தி இரிக்கோணும். எண்ட கல்யாணத்த நான் மட்டும் பாக்க ஏலாது. எங்கட வாசல்ல அவரு வந்து நிக்கிறத எனக்கி எடுத்துத் தா தம்பி. வேற ஒரு படமும் வேணாம்.”

நான் நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதில் எனக்குக் கை ஆடாது.

வாப்பாவிடம் அனுமதி வாங்குவது அடுத்த பாடு. படம் என்றால் அவருக்கு ஆகாது. டவுனிலிருந்து படக்காரனை அழைப்பதா என்று உம்மா கேட்டதற்கு, “அந்நிய மனுசன் பொம்புளைங்க இரிக்கிற ஊட்டுக்குள்ள கால் மூணுள்ள பெட்டியோட வாரதா?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் சொந்தத் தம்பி. என் பெட்டிக்குக் காலும் இல்லை. கடைசியில், “சொவருல ஒண்டும் மாட்டக் கூடாது. தொழுற ஊடு” என்ற நிபந்தனையோடு தலையசைத்தார்.

யானைகள் குளித்த நேரம்

வாங்குக்குத் திரும்புவோம். நான் இன்னும் அதன் மேல்தான் நிற்கிறேன்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஊர்வலம் வந்துவிடும் என்றார்கள். அஸர் முடிந்தது. வரவில்லை. அடுக்களையிலிருந்து நெய்ச்சோற்று வாசம் வந்தது. உம்மா ஒரு கோப்பையில் வெல்லமும் தேங்காய்ப்பாலும் கலந்து அவித்த வட்டலாப்பம் அனுப்பினாள். நான் வேண்டாம் என்றேன். செய்தி அடுக்களைக்குப் போய், உம்மாவே ஓடி வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“காச்சலா மகன்?”

“இல்ல உம்மா. நெழல்.”

“நெழலா?”

விளக்க நேரமில்லை. பெட்டியின் முதுகில் ஒரு சிவப்புக் கண்ணாடிப் பொட்டு உண்டு. உள்ளே பிலிம் எந்த எண்ணில் நிற்கிறது என்று அதில் தெரியும். நான் அதைப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடி பார்த்தேன். அப்போதும் சரியாகவே இருந்தது. எங்காவது பிழை இருக்கும் என்று நம்பி மேலும் பார்த்தேன். பயத்தில் கை சும்மா இருக்காமல் பந்தற்காலை ஒரு படம், மாமாக்கள் இருவரை ஒரு படம், வானத்தை ஒரு படம் என்று அமத்திக்கொண்டே போனேன். வானத்தை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மழை வருமா என்று பார்த்தவன், பார்த்த வேகத்தில் அமத்திவிட்டேன்.

ஒரே ஒரு படத்துக்குத்தான் பிலிம் மிச்சம்.

சைக்கிளில் ஒருவர் செய்தி கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நிற்கிறதாம். ஆற்றில் குளித்த யானைகள் வரிசையாக மேலே ஏறி வருகின்றனவாம். பஸ்ஸுக்குள் வெடிக்கட்டு இருப்பதால், யாரும் சுருட்டுக்கூடப் பற்றவைக்காமல் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம்.

நிழலுக்கு யானையும் இல்லை, பாலமும் இல்லை. அது தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

“அந்தக் கதிரய அண்டைக்கி வாங்கி இரிந்தா, இப்ப ஒசரமா அதுல ஏறி நிக்கலாம்” என்றார் வாப்பா, என் பக்கமாக நடந்து போகையில், யாருக்கோ சொல்வதுபோல.

“மகன், கெண்டி!”

ஒரு வழியாக ரோட்டு வளைவில் வெடி கேட்டது. அதன் பின்னால் புகழ்ப்பாட்டான பைத் பாடும் குரல்கள். வெள்ளைத் துணி மேற்கட்டி ஒன்று மனிதத் தலைகளின் மேல் மிதந்து வந்தது. அதன் கீழே தலைப்பாகையோடு ஓர் உயரமான உருவம்.

நிழல் கேட்டுக்கு இரண்டு முழம் இந்தப் பக்கம் நின்றது. நான் வென்றுவிட்டேன்! பெட்டியை இடுப்பில் ஊன்றினேன். குஞ்சத்தை வாயால் ஊதி ஒதுக்கினேன். மூச்சைப் பிடித்தேன்.

“மகன்!” வாப்பாவின் குரல். “அங்க என்ன செய்ற? கெண்டி எங்க? கால் கழுவ வா!”

பிடித்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பி மூக்கு வைத்த கெண்டியால் தண்ணீர் ஊற்றி அவர் காலைக் கழுவ வேண்டும். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போட்டுவிட்டு உள்ளே வருவார். இது எங்கள் வழக்கம். எனக்குத் தெரியாத வழக்கமா? புதுத் தொப்பி வாங்கித் தந்ததே அதற்காகத்தான். மோதிர விரலுக்கு நூலால் அளவெடுத்து மடவளைக்கு அனுப்பியதும் என் கண் முன்னால்தான். மோதிரம் வாங்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூடக் கண்ணாடியில் பழகியிருந்தேன்.

ஆனால் என் மண்டைக்குள் கால் கழுவுகிறவன் ஓர் ஆள், படம் எடுக்கிறவன் வேறோர் ஆள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் வேலைக்கு வரவேண்டியவர்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு கைகள்தான் என்பது அந்த வெடிச் சத்தத்துக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

சுற்றிலும் பார்த்தேன். மாமாக்கள் பன்னீர்ச் செம்பு பிடித்திருந்தார்கள். கடைப் பையன்மார் பெட்டியைக் கண்டாலே அது வெடிக்கும் என்று தள்ளி நிற்பவர்கள். இதை அமத்தத் தெரிந்தவர் ஊரில் இன்னும் ஒரே ஒருவர். அவர் மேல்மாடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்.

வாங்கிலிருந்து குதித்து வீட்டுக்குள் ஓடினேன். மாடிப்படியின் அடியில் மாமி, வாப்பாவின் தங்கை, ரோசாப்பூ மிதக்கும் கெண்டியோடு நின்றாள். காலையிலிருந்து மணப்பெண்ணுக்குக் காவல் அவள்தான். பெண் ஜன்னல் பக்கம் திரும்பினாலே கன்னத்தைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாளாம்.

கெண்டியைப் பறித்தேன். பெட்டியை அவள் கையில் திணித்தேன்.

“மாமி, இதத் தாத்தாக்கிட்டக் குடுங்க!”

“பொண்ணுக்கா? இப்ப இதென்னத்துக்கு?”

“அவக்குத்தான் அமத்தத் தெரியும்! ஜன்னல் பலகைய ஒரு விரக்கடை தொறந்தாப் போதும்!”

“யா அல்லா! புத்தி பேதலிச்சிட்டா ஒனக்கி? பொண்ணு ஜன்னலடிக்கு வாரதா? நான் மௌத்தாப் போனாலும் நடக்காது!”

அதற்குமேல் கெஞ்ச எனக்கு நேரம் இல்லை. கெண்டியோடு ஓடினேன். பாதித் தண்ணீர் நான் உடுத்தியிருந்த சாரத்தில்.

கழுவி முடியாத கால்

கேட்டருகே ஒரு பலகை போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை அதில் ஏறி நிற்க வேண்டும். பலகையின் ஒரு முனையை நிழல் தொட்டுவிட்டது. நான் போன வேகத்தில் பலகையை வெயிலுக்கு இழுத்தேன். ஏறக் காலைத் தூக்கியிருந்த மாப்பிள்ளை ஒற்றைக் காலில் ஆடி, பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

குந்தி உட்கார்ந்து ஊற்றத் தொடங்கினேன். கை காலைக் கழுவியது. கண் மேல்மாடி ஜன்னலில் இருந்தது. பலகைகள் இறுக மூடிக் கிடந்தன.

இடக் காலைக் கழுவினேன். வலக் காலைக் கழுவினேன். ஜன்னல் அசையவில்லை. திரும்ப இடக் காலுக்கு வந்தேன்.

பைத் பாடுகிறவர்கள் ஒரு பாட்டை முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் விரலிடுக்குகளில் மும்முரமாக இருந்தேன். அவர்கள் அடுத்ததைத் தொடங்கினார்கள்.

அப்போது, கடைசி ஜன்னலில், ஒரு பலகை ஒரு விரக்கடை நகர்ந்தது. அந்த இருட்டுக்குள் ஒரு வட்டக் கண்ணாடி மினுங்கியது.

மாமி மௌத்தாகவில்லை. ஆனால் நடந்துவிட்டது!

அதே நொடியில் ஒரு மேகம் வந்து வெயிலை மூடியது.

வாசகர்களே, அந்த மேகத்தின் வடிவம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெயில் இல்லாமல் அந்தப் பெட்டியில் ஒன்றும் விழாது. வெயில் வரும்வரை மாப்பிள்ளை அங்கேயே நிற்க வேண்டும். அவரை நிறுத்திவைக்க என் கையில் இருந்தது தண்ணீர் மட்டும். அதுவும் தீர்ந்துவிட்டது.

“இன்னொரு கெண்டி கொண்டு வாங்க!” என்று கத்தினேன்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மடவளைக்காரர் ஒருவர் சத்தமாகவே சொன்னார்: “யானையெல்லாம் குளிச்சி முடிஞ்சிட்டு. எங்கட மாப்புளட கால் இன்னும் முடியல்ல!”

“போதும் மகன், வுடு!” என்றார் வாப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஒரு மாதிரி சேறு வாப்பா. ஒட்டிப் புடிச்சிரிக்கி.”

சேறு என்று ஒரு துளிகூட இல்லை. என் வாழ்நாளில் அத்தனை சுத்தமான கால்களை நான் பார்த்ததில்லை. நகமெல்லாம் வெளுத்துப்போய், தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது. இரண்டாம் கெண்டி வந்தது. நான் துளித் துளியாக ஊற்றினேன்.

மேகம் விலகியது. வெயில் கேட்டில் பளீரென்று விழுந்தது. நான் வாயைப் பிளந்து ஜன்னலைப் பார்த்தேன். கால் கழுவுகிற மச்சான் காலைப் பார்க்காமல் எங்கே பார்க்கிறான் என்று மாப்பிள்ளையும் நிமிர்ந்து பார்த்தார்.

அவர் பார்த்துவிட்டார். பலகையையும், இடுக்கையும், கண்ணாடியையும். மருதோன்றிச் சிவப்பேறிய ஒரு விரல் நுனியையும்.

மனிதர் கையைத் தூக்கித் தலைப்பாகையைச் சரிசெய்தார். தோளை நிமிர்த்தினார். பிறகு அசையாமல் நின்றார்.

‘டிக்’ சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஜன்னல் பலகை மூடியது மட்டும் தெரிந்தது.

மோதிரத்தை என் விரலில் போடும்போது அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“போதுமா மச்சான்? இல்லாட்டி இன்னும் நிக்கவா?”

கண்ணாடியில் பழகி வைத்திருந்த முகம் எனக்கு அப்போது கைகொடுக்கவில்லை.

பிறகு வாப்பா இரண்டு சாட்சிகளோடு மேல்மாடிக்குச் சம்மதம் கேட்கப் போனார். பெண் என்றால் முதல் தடவை பேசக் கூடாது. இரண்டாம் தடவை தலையைக் குனிய வேண்டும். மூன்றாம் தடவை மாமிமார் தூண்டிய பிறகு முனக வேண்டும். எங்கள் தாத்தா, வாப்பா கேட்டு முடிக்குமுன்பே, “ஓ, சம்மதம்” என்று கணீரென்று சொன்னாளாம். சாட்சிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

அன்றைக்கு நான் வட்டலாப்பம் எவ்வளவு சாப்பிட்டேன் என்பதை உம்மா பல வருஷம் ஊராரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாப்பாவின் பெருவிரல்

டவுன் படக்கடையில் பிலிமைக் கழுவியவர், கவரை என்னிடம் நீட்டும்போது மிகவும் கஷ்டப்பட்டுச் சிரிப்பை அடக்கினார்.

மாமாக்கள் இருவருக்கும் தலை இல்லை. பந்தற்கால் சாய்ந்திருந்தது. வானம் நன்றாக விழுந்திருந்தது. வேறொன்றில் என் தொப்பிக் குஞ்சம் கரடி வால்போலத் தொங்கியது.

கடைசிப் படம் கண்ணாடித் துண்டுபோலத் தெளிவு. மேலிருந்து பார்த்த வாசல். மேற்கட்டியின் வெள்ளை. நடுவில், நேராக நம்மைப் பார்த்தபடி, நிமிர்ந்து நிற்கும் மாப்பிள்ளை. மூஞ்சி இருந்தது, நல்ல மூஞ்சியாகவே இருந்தது. அவர் காலடியில் குந்தியபடி, கெண்டியைத் தரையில் ஊற்றிக்கொண்டு, வாயைப் பிளந்து மேலே பார்க்கும் ஒரு பிராணி. அது நான்.

பெட்டியின் தோலில் தாத்தா விரலின் அத்தர் வாசம் வெகுநாள் போகவில்லை.

அந்தப் படத்தை வாப்பாவிடம் காட்டாமல் இருக்க முடியுமா? கேட்டுவிட்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மாமி பக்கத்தில்தான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா விழுந்திரிக்கி. இது ஆரு எடுத்த?”

“நான்தான் எடுத்த வாப்பா.”

“நீயா?”

“ஓ.”

“அப்ப இந்தக் கெண்டியோட குந்தி இரிக்கிறது?”

“அதுவும்... நான்தான்.”

வாப்பா படத்தைப் பார்த்தார். முற்றத்துக்கு இறங்கிப் போய், கேட்டடியில் நின்று, திரும்பி, மேல்மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தார். கடைசி ஜன்னலில் கொஞ்சம் நின்றார். திரும்பி வந்து படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே மங்கலாக ஒரு துணி விளிம்பு, பூவேலைக் கரையோடு விழுந்திருந்தது.

“இதென்ன?”

“ஜன்னல் தெர” என்றாள் மாமி, யாரும் அவளைக் கேட்காமலே. அவள் தலையில் கிடந்த முக்காட்டிலும் அதே பூவேலைக் கரை.

வாப்பா முக்காட்டைப் பார்த்தார். மாமி திடீரென்று பாக்கைத் தேடத் தொடங்கினாள். பாக்கு அவள் கையிலேயே இருந்தது.

தொழுகிற வீடு, படம் சுவருக்கு ஏறவில்லை. தாத்தாவுக்கு ஒன்று போக, வாப்பா இன்னொன்று எடுப்பித்துத் தன் அலுமாரிக்குள், பெருநாள் சட்டைக்குக் கீழே வைத்துக்கொண்டார். தூரத்திலிருந்து யாராவது விருந்துக்கு வந்தால், சாப்பாடு முடிந்து வெற்றிலை வரும் நேரத்தில் மெல்ல எழுந்து போய் அலுமாரியைத் திறப்பார்.

“எங்கட மூத்த மகள்ட கல்யாணம்” என்று நீட்டுவார். “மாப்புள வந்து நிக்கிறாரு. எங்கட சின்னவன்தான் எடுத்த. கை கொஞ்சமும் ஆடல்ல, பாருங்க.”

பார்த்தவர்கள் எல்லோரும் என்னை மெச்சினார்கள். கெண்டியோடு குந்தியிருப்பது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எப்படிக் கேட்பார்கள்? எத்தனை பேருக்குக் காட்டினாலும், எந்தக் கையால் நீட்டினாலும், வாப்பாவின் பெருவிரல் என் முகத்தின் மேலேயே இருக்கும்.